பத்துக் கிலோவும் ரெண்டு காயும்

வத்தலக்குண்டில் குழந்தைவேலின் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அறை இருக்கிறது. அதற்குள் ஒரு மெஷின். பெட்டியை அதன் அடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினால், மேலே இருக்கும் இரும்புப் பலகை நிதானமாக இறங்கி வந்து பெட்டியின் தலையில் உட்காரும். உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே போகும். எத்தனை கிலோ பாரத்தில் பெட்டி மளுக்கென்று மடிகிறது என்பதைத் திரை காட்டும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது செலினாவின் சோலி.

பதினோரு வருஷமாக அந்தக் கையெழுத்தை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. பட்டிருந்தால் அவள் லேசில் விட்டிருக்கமாட்டாள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடையில் பிளம்ஸ் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கித்தேரியம்மாளின் மகள் அவள். டிப்ளமோ முடித்த கையோடு இந்த மெஷினுக்கு வந்தவள். திரை 379 என்று காட்டினால் 379 என்றுதான் எழுதுவாள். ஒரு கிலோதானே, 380 என்று போட்டால் என்ன குறைந்துபோகும் என்று முதலாளியே பக்கத்தில் நின்று கெஞ்சினாலும் காதில் வாங்கமாட்டாள். இப்படிப்பட்டவள் கையெழுத்துப் போட்ட பெட்டி நசுங்கிவிட்டது என்று சென்னையிலிருந்து தகவல் வந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதுவும் ஒரு லோடு இல்லை, அடுத்தடுத்து இரண்டு.

கொடைக்கானல் போகிற வழியில், பெருமாள்மலையில் பட்டர்ஃப்ரூட் தோட்டம் வைத்திருக்கிற சம்சாரிகள் சேர்ந்து ஒரு பேக்கிங் ஷெட் நடத்துகிறார்கள். பதினாலு பெண்கள் அங்கே காயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அதை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறது. பெட்டி குழந்தைவேலுடையது. முதல் லோடு சென்னையில் இறங்கியபோது அடிவரிசைப் பெட்டிகள் மூலை மடிந்து, வயிறு தள்ளிக் கிடந்தன. காய் மட்டும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பழுத்த பிறகு அறுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு. பட்டர்ஃப்ரூட் அப்படித்தான், பட்ட அடியை உடனே சொல்லாது. இரண்டாவது லோடுக்கும் அதே கதி.

சென்னைக் கம்பெனியில் இதையெல்லாம் கவனிக்கிறவர் தமிழ்மதி என்ற பெண். அவர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். பெட்டி ஏன் நசுங்கியது, யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும், அது வந்த பிறகு இன்னும் ஒரே ஒரு லோடு எடுத்துப் பார்ப்போம், அதுவும் நசுங்கினால் பெட்டியையும் காயையும் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வோம் என்பது அதன் சாரம்.

குழந்தைவேல் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பயந்த மனுஷர், அது சில சமயம் அதைவிட மோசம். செலினாவைக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். மூன்றாவது லோடும் போய்விட்டால் மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, அவளைப் பசை ஒட்டுகிற பகுதிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். சம்பளம் குறையாது என்று வேறு சேர்த்துச் சொன்னார், அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு.

செலினாவுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. பசை ஒட்டுவது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. தன் எண்ணைப் பொய் என்று ஒருவர் சொல்லி, அதைத் தானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்பதுதான் அவளால் பொறுக்கமுடியாததாக இருந்தது.

"எம் பெட்டி ஏன் நசுங்குச்சுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன் சார்," என்றாள். "அதுவரைக்கும் அந்த மெஷின யாரும் தொடக்கூடாது."

அடுத்த லோடுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மதியமே குடோனில் இருந்த கட்டுகளைப் பிரித்து, மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று இருபது பெட்டிகளை உருவி எடுத்தாள். ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்து நசுக்கினாள். ஆகக் குறைந்தது 371 கிலோவில் மடிந்தது. லாரியில் ஏழு பெட்டி உயரத்துக்கு அடுக்குகிறார்கள். அடிப்பெட்டியின் தலையில் ஆறு பெட்டி. பெட்டிக்குப் பத்துக் கிலோ காய், அட்டையின் எடையையும் சேர்த்தால் அறுபத்துநாலு கிலோ வரும். 371 தாங்குகிற பெட்டி அறுபத்துநாலுக்கு மடிகிறது என்றால் நடுவில் ஏதோ ஒன்று நடக்கிறது. அந்த ஏதோ ஒன்று மலை மேல்தான் இருக்கவேண்டும்.

மேகம்தான் காரணம் என்றார் குழந்தைவேல். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அட்டைக்கு ஈரம் ஆகாது, வத்தலக்குண்டு வெயிலில் விறைப்பாக நிற்கும் பெட்டி மலையில் துவண்டுபோகும். செலினா பத்துப் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வெள்ளனே கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாள். பெட்டிக் கட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் மலைப்பாதையில் வரும் ஊத்து என்ற ஊர் வரைக்கும் வாதாடினார். எடையே இல்லாத பொருளுக்கு எதற்கு டிக்கெட் என்று அவளும் ஊத்து வரைக்கும் வாதாடினாள். கடைசியில் கண்டக்டர்தான் ஓய்ந்துபோனார்.

பேக்கிங் ஷெட்டின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். மத்தியானம் ஆனால் மேகம் அந்த வழியாக உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். செலினா தன் பெட்டிகளை அங்கே விரித்து நிறுத்தினாள். இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்த இரண்டு நாளும் பகலெல்லாம் ஷெட்டிலேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, நோட்டும் பேனாவுமாக நடப்பதைக் கவனித்தாள். ராத்தங்கலுக்குக் கொடைக்கானலில் அண்ணன் வீடு இருந்தது.

ஷெட்டுக்குத் தலைவி காளியாயி. ஐம்பதை நெருங்குகிற வயசு, கனத்த குரல், வெரசான கை. சம்சாரிகளை வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்த்து இந்த ஷெட்டை நிறுத்தியதே அவள்தான். எந்தப் பெட்டியும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். அடுக்கிய பெட்டியைத் தராசில் ஏற்றுவாள். பத்துக் கிலோ சரியாக நிற்கும்வரை ஒரு காயை எடுத்து வேறு காயை வைத்துப் பார்ப்பாள். நின்றதும் இறக்கி, ரெண்டு காயை எடுத்து நடுவில் வைத்து, மூடியை மடக்கி, முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தி டேப் ஒட்டுவாள். அவ்வளவுதான், அடுத்த பெட்டி. செலினா நாற்பது பெட்டிகளைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்: எடை பத்துக் கிலோ, சரி.

லாரியில் ஏற்றுகிற டிக்சனையும் அவள் விடவில்லை. பெட்டிகளைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் மூலை இன்னொன்றின் நடுவில் உட்கார்ந்து, தாங்குகிற சக்தி போய்விடும். அவன் அப்படி வைக்கிறானா என்று பார்க்க, வேறு தோட்டத்து லோடு ஏற்றும்போது நூல் கட்டிப் பிடித்தாள். டிக்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து வருஷமாக இந்த வளைவுகளில் போகிற லோடை ஏற்றுகிறவனுக்கு மூலைக்கு மூலை வைக்கத் தெரியாதா என்று கேட்டான். தெரிந்துதான் இருந்தது. நூலுக்கு ஒரு மயிரிழை விலகாமல் நின்றது அடுக்கு.

ஈரத்தில் இருந்த பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு வத்தலக்குண்டு திரும்பி, உடனே மெஷினில் வைத்தாள். 205, 198, 211. பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பாதியாகக் குறைந்தாலும் அது அறுபத்துநாலைப் போல மூன்று பங்கு. மேகத்தின் மேல் பழியைப் போட்டு எழுதிவிடலாம், குழந்தைவேலும் தலையாட்டிவிடுவார். மூன்றாவது லோடும் நசுங்கும், அவ்வளவுதான்.

மறுபடி மலையேறினாள். ஐந்து நாள் போயிருந்தது. தன்னிடம் கேட்க இனிக் கேள்வியே இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது, ஆனாலும் போய் அதே சாக்கின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடிவாதம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. காளியாயி வேலையை நிறுத்தாமல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப் ஒட்டிய பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தாள்.

"ஏத்தா, நீ பாட்டுக்கு வெறும் பெட்டியவே அமுக்கிக்கிட்டுக் கெடக்க. லாரியில வெறும் பெட்டியா போகுது? இந்தா, காயோட கொண்டு போயி அமுக்கு."

பெட்டியைக் காலியாகத்தான் சோதிக்கவேண்டும் என்று செலினா படித்திருந்தாள். அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள், அப்படித்தான் எண்ணை எண்ணோடு ஒப்பிட முடியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டாள். பத்துக் கிலோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினாள். இந்தத் தடவை கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தே கொடுத்துவிட்டார்.

அந்தப் பெட்டியின் உயரம் இருநூற்றிருபது மில்லிமீட்டர். இரும்புப் பலகை இருநூற்றிருபதுக்கு இறங்கி வரும்போதுதான் பெட்டியைத் தொடும், அப்போதுதான் திரையில் எண் அசைய ஆரம்பிக்கும். பதினோரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தது. அன்று இருநூற்று முப்பத்தெட்டிலேயே எண் அசைந்தது.

மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். நிறுத்தி, பலகையைத் தூக்கி, காலிப் பெட்டி ஒன்றை வைத்துப் பார்த்தாள். சரியாக இருநூற்றிருபது. மறுபடி காய்ப் பெட்டியை வைத்தாள். மறுபடி இருநூற்று முப்பத்தெட்டு. பலகை இறங்க இறங்க மூடியின் நடுப்பகுதிதான் பாரத்தை வாங்கியது. மூலைகள் சும்மா நின்றன. பக்கச் சுவர்கள் மெல்ல வெளியே பிதுங்கி, 140 கிலோவில் பெட்டி மடிந்து உட்கார்ந்தது. வெறும் நூற்றிநாற்பது.

கத்தியால் டேப்பைக் கீறி மூடியைத் திறந்தாள். மேலே நடுவில் இரண்டு காய்கள் பிளந்து, பச்சை விழுதாக மூடியில் ஒட்டியிருந்தன.

செலினா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு காயை அவள் பார்த்திருந்தாள். நாற்பது பெட்டிக்கும் நாற்பது தடவை, இரண்டடி தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். அது கொசுறு. எடை போட்டு முடித்த பிறகு, தராசிலிருந்து இறக்கிய பிறகு, கைநிறைவுக்குப் போடுவது. அதை யாராவது எடையில் சேர்ப்பார்களா? அவளுடைய அம்மா கூடையில் பிளம்ஸ் அளந்த காலத்தில், கொசுறு வாங்காமல் போய்விட்ட ஒருவரைத் துரத்திக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே ஏறி, ரெண்டு பழத்தைக் கையில் திணித்துவிட்டு வரச்சொல்லி இவளை ஓடவிட்டிருக்கிறாள். வெளியூர்க்காரி யாராவது அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தால் முதல் பெட்டியிலேயே, அது என்ன கூடுதலாக ரெண்டு என்று கேட்டிருப்பாள். இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பத்துக் கிலோ, சரி என்று எழுதிவிட்டாள்.

இப்போது கணக்கு உதைக்கவில்லை. நூற்றிநாற்பதில் ஈரம் பாதியைத் தின்றால் எழுபது. மேலே ஆறு பெட்டி, கொசுறோடு சேர்த்தால் அறுபத்தாறோ அறுபத்தேழோ. வளைவில் லாரி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டால் போதும்.

குழந்தைவேல் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத வெளிச்சம் வந்தது. பேக்கிங் பண்றவங்க தப்பு, எழுதி அனுப்பிவிடு, நம்ம பெட்டியும் தப்பித்தது, நீயும் தப்பித்தாய் என்றார். செலினாவுக்கும் அது இனித்தது, இல்லை என்று சொல்வானேன். ஒரு நிமிஷம் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. ஆனால் அப்படி ஒரு காகிதம் போனால் சென்னைக்காரர்கள் பெட்டியை வைத்துக்கொண்டு ஷெட்டைக் கைகழுவிவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவர்களிடம் பேசிவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பினாள்.

காளியாயிக்கு முதலில் புரியவே இல்லை. எதைக் கூடுதலாக வைக்கிறோம் என்று கேட்டாள். செலினா தொட்டுக் காட்டியதும் முகம் மாறிவிட்டது.

"அது கொசுறுத்தா."

"அந்தக் கொசுறுதான்க்கா பெட்டிய ஒடைக்குது."

ஷெட்டில் பதினாலு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். காளியாயி தராசை ஒரு தடவை பார்த்தாள், வெளியே மேகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அழுத்தமாகச் சொன்னாள்.

"அளவுக்குத் தலைதட்டுன பெட்டி எங் கையால போகாது. மொகம் தெரியாத ஆளுகளுக்கு அனுப்புறோம். நம்ம யாருன்னு அவுகளுக்குத் தெரியிறதே அந்த ரெண்டு காயிலதான். அதையும் எடுத்துட்டா நாங்க என்னத்தத்தா அனுப்புறோம்?"

செலினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் ஷெட்டை மூடிவிட்டு ரோட்டோரத்தில் கொசுறை மட்டும் விற்றுக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள். காளியாயி திரும்பி அடுத்த பெட்டியைத் தராசில் ஏற்றினாள். பஸ் டம்டம் பாறையைத் தாண்டும்போதே அந்தச் சொல்லுக்காக செலினா வருத்தப்பட ஆரம்பித்துவிட்டாள். கித்தேரியம்மாளின் மகள் சொல்கிற பேச்சா அது?

இவர்கள் கொசுறை விடமாட்டார்கள், அது நிச்சயம். அப்படியானால் கொசுறுக்குப் பெட்டியில் இடம் வேண்டும். கம்பெனியில் அட்டை வெட்டுகிற ஆளிடம் சொல்லி, உயரத்தை இரண்டு விரல்கடை கூட்டி இருபது பெட்டி செய்யச் சொன்னாள். இருநூற்று நாற்பத்தைந்து. மூடிக்கும் காய்க்கும் நடுவில் ரெண்டு காய் படுத்துக்கொள்ளலாம். இவ்வளவு சுலபமா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு எட்டாம் நாள் மலையேறினாள்.

புதுப் பெட்டியைப் பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தாராளமாக இருக்கிறது என்றார்கள். காளியாயி அடுக்கினாள், எடை போட்டாள், பத்துக் கிலோ நின்றது. இறக்கிவைத்துப் பார்த்தாள். மேலே இரண்டு விரல்கடை வெறுமையாக இருந்தது. கை தானாகப் போய் ஐந்து காய்களை எடுத்து அந்த இடத்தை நிரப்பியது. பிறகு அதற்கு மேலே, நடுவில், ரெண்டு காய். முழங்கையால் ஓர் அழுத்து.

செலினா வாயைப் பொத்திக்கொண்டாள். அழவேண்டுமா சிரிக்கவேண்டுமா என்று தெரியாமல் கடைசியில் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காளியாயி டேப்பும் கையுமாக நின்றாள். "எடம் சும்மா கெடந்தா மனசு கேக்குமாத்தா?" என்று கேட்டுவிட்டு, அவளும் சிரித்துவிட்டாள். முந்தின தடவை சொன்ன பேச்சு அங்கேயே கரைந்துபோனது.

சிரித்து ஓய்ந்த பிறகு செலினா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வைத்தாலும் அந்த ரெண்டு காய் நடுவில்தான் போய் உட்கார்கிறது. திறக்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மேலே வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக வைக்கிறார்கள், வைத்துவிட்டால் அதோடு பெட்டி முடிந்தது. அப்படியென்றால் நடுவில், திறந்தால் தெரிகிற மாதிரி, அதற்கென்று தனியாக ஓர் இடம் இருந்தால்?

டிக்சனிடம் கத்தியை வாங்கி, கெட்டுப்போன பெட்டி ஒன்றைக் கிழித்தாள். ஒரு பட்டையை நாலாக மடித்து, சதுரமான குழாய் ஒன்று செய்தாள். அதை இருநூற்று நாற்பத்தைந்து உயரத்துக்கு வெட்டிப் புதுப் பெட்டியின் நடுவில் நிறுத்தினாள். அடியிலிருந்து மூடி வரைக்கும் தூண் மாதிரி நின்றது. சுற்றிலும் காயை அடுக்கச் சொன்னாள். நடு இடத்தைக் குழாய் எடுத்துக்கொண்டதால் பத்துக் கிலோ நின்றபோது காய் மூடியை ஒட்டி வந்துவிட்டது, நிரப்புவதற்கு வெறும் இடம் மிஞ்சவில்லை. பிறகு செலினா தன் கையால் ஒரு காயை எடுத்துக் குழாய்க்குள் நிறுத்தினாள். அதன் மேல் இன்னொன்று. மேல் காயின் தலை மூடிக்குக் கொஞ்சம் கீழே பளபளப்பாகத் தெரிந்தது.

"கொசுறு குடுத்தாச்சுக்கா," என்றாள்.

காளியாயியின் கை பழக்கத்தில் கூடைக்குப் போய் ஒரு காயைத் தூக்கியது. தூக்கிய கை அப்படியே நின்றது. குழாயை எட்டிப் பார்த்தாள், காயைப் பார்த்தாள், திரும்பவும் கூடையில் போட்டுவிட்டாள்.

"ஒரு தரம் குடுத்தாக் கொசுறு," என்றாள் மற்ற பெண்களைப் பார்த்து. "ரெண்டு தரம் குடுத்தாக் கிறுக்கு. டேப்ப எடுங்கடி."

அந்தப் பெட்டியையும், அதேபோல நிரப்பிய இன்னும் மூன்றையும் டிக்சன் தெரிந்த வண்டியில் ஏற்றிவிட்டான். ஒன்றை அப்படியே அமுக்கினாள், 410. மற்ற மூன்றையும் கம்பெனியில் ஈரச்சாக்கு கட்டிய கொட்டகையில் இரண்டு நாள் வைத்திருந்து அமுக்கினாள். ஆகக் குறைந்தது 228. பலகை மூன்று தடவையும் சரியாக இருநூற்று நாற்பத்தைந்தில்தான் பெட்டியைத் தொட்டது. நடுவில் வந்த பாரத்தைக் குழாய் வாங்கிக்கொண்டது, மூலைகள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டன. உள்ளே ஒரு காயும் பிளக்கவில்லை. குழந்தைவேல் லோடுக்கு வேண்டிய பெட்டியும் குழாயும் வெட்ட ஆள் போட்டார்.

சென்னைக்கு எழுதவேண்டிய காகிதத்தைப் பதினோராம் நாள் செலினா தானே டைப் செய்தாள். பெட்டியை நிரப்பும் வழக்கத்தில் எடைக்கு மேல் இரண்டு காய் சேர்வதால் மூடி புடைத்தது. காலிப் பெட்டியை மட்டும் சோதித்ததால் இது தெரியவில்லை. இரண்டு காய் வைப்பதைச் சோதித்தவர் நேரில் பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை. பொறுப்பு: செலினா. கீழே கையெழுத்து.

படித்துவிட்டுக் குழந்தைவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். பதினோரு நாளாக உன் பேரைக் காப்பாற்றத்தானே மலைக்கும் வீட்டுக்கும் அலைந்தாய், இப்போது நீயே உன் பேரைப் போட்டுக்கொள்கிறாயே என்றார். இந்த லோடு நசுங்கினால் இந்தக் காகிதத்தைக் காட்டியே உன்னை மெஷினை விட்டு இறக்கவேண்டியிருக்கும் என்றார். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. பார்த்ததை எழுதியிருக்கிறேன் சார், 379ஐ 379 என்றுதானே எழுதமுடியும் என்றாள். அவர் பெருமூச்சு விட்டு மெயிலை அனுப்பினார்.

லோடு ஏற்றுகிற அன்று மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. இருநூற்றெண்பது பெட்டி. டிக்சன் இந்தத் தடவை அவனே நூல் கட்டிப் பிடித்துக் காட்டிவிட்டு ஏற்றினான். வத்தலக்குண்டு வரைக்கும் லாரியிலேயே போவது என்று செலினா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். காளியாயி கதவுப் பக்கம் வந்து நின்றாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது.

"எங்களச் சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்ப. வச்சது நாங்கதானத்தா."

"நீங்க வச்சீங்க, நான் பாத்தேன். பாத்தத எழுதுறது எஞ்சோலிக்கா, உங்க சோலி இல்ல."

காளியாயி அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு நகர்ந்தாள்.

வத்தலக்குண்டில் லாரியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஏறி, அடிவரிசையை ஸ்கேல் வைத்து அளந்தாள். இருநூற்று நாற்பத்தைந்து, நாற்பத்துநாலு, நாற்பத்தைந்து. லாரி சென்னைக்குப் போய்விட்டது. அதோடு முடியவில்லை. பட்டர்ஃப்ரூட் பட்ட அடியைச் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களில் செலினா சரியாகச் சாப்பிடவில்லை, யார் என்ன கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொன்னாள். காலையில் வந்ததும் முதல் வேலையாக மெஷினின் பலகையைத் துடைத்து வைத்தாள், அது இன்னும் தன்னுடையதுதான் என்று அதற்குச் சொல்கிற மாதிரி.

புதன்கிழமை மதியம் தமிழ்மதி போன் செய்தார். முதலாளிக்குச் செய்யாமல் காகிதத்தில் இருந்த பேரைக் கேட்டு, செலினாவுக்கே செய்தார். ஒரு பெட்டிகூட மடியவில்லை என்றார். அடிவரிசையிலிருந்து முப்பது காயை அறுத்துப் பார்த்ததாகவும், எல்லாம் சுத்தமாக இருந்ததாகவும், அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு லோடு வேண்டும் என்றும் சொன்னார். செலினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் எழுந்து வந்தார்.

தமிழ்மதி போனை வைக்கவில்லை. இன்னொரு சந்தேகம் இருந்தது அவருக்கு.

"எல்லாப் பெட்டியிலும் நடுவுல அந்த அட்டைக் குழாய்ல ரெண்டு காய் இருக்குங்க. பில்லுல பத்து கிலோன்னுதான் இருக்கு. திருப்பி அனுப்பணுமா?"

"வேண்டாங்க. அது உங்களுக்குத்தான், கொசுறு," என்றாள் செலினா. "அது எடையில சேராது. ஆனா அது நிக்கிற எடந்தான் இப்ப மொத்தப் பெட்டியையும் தாங்குது."

அதை வைத்தவர்களிடம் தேங்க்ஸ் சொல்லிவிடுங்கள் என்று தமிழ்மதி மெதுவாகச் சொன்னார்.

செலினா போனை வைத்துவிட்டு மெஷின் பக்கம் போனாள். மலையிலிருந்து வந்த நிரப்பிய பெட்டி ஒன்று சோதனைக்குக் காத்திருந்தது. ரிப்போர்ட் தாளை எடுத்தாள். உள்ளே இருப்பது என்ற இடத்தில் பத்துக் கிலோ என்று எழுதினாள். அதன் கீழே புதிதாக ஒரு கோடு போட்டு, கொசுறு ரெண்டு என்று எழுதினாள். பிறகு பொத்தானை அமுக்கினாள், பலகை நிதானமாக இறங்க ஆரம்பித்தது.